ஜாவாவில் தேதியை எழுத்தாக்க: சிம்பிள்டேட்ஃபார்மட்டா, டேட்டைம்ஃபார்மேட்டரா?

தேதியை எழுத்தாக்க ஜாவாவில் இரண்டு கிளாஸ்கள் உண்டு: பழைய சிம்பிள்டேட்ஃபார்மட், புதிய டேட்டைம்ஃபார்மேட்டர். இன்றைய தேதியை 05-03-2024 போல அச்சிட இரண்டுக்குமே இரண்டு வரி போதும். வடிவம் சொல்லும் எழுத்துக் குறியான பேட்டர்னும் ஒன்றுதான்: சின்ன டி இரண்டு, பெரிய எம் இரண்டு, சின்ன ஒய் நான்கு. சின்ன எம் போட்டால் மாதத்துக்குப் பதில் நிமிடம் என்று பொருளாகிவிடும். ஒய்யைப் பெரிதாகப் போட்டால் 2024 டிசம்பர் 31 அன்றே 2025 என்று காட்டும், அது வாரக்கணக்கு வருடம், அதாவது அந்த வாரம் எந்த வருடத்தின் கணக்கில் வருகிறதோ அது. இந்தப் பொறிகள் இரண்டிலும் உண்டு.

என் ஓட்டு, 2014-இல் ஜாவா 8-உடன் வந்த டேட்டைம்ஃபார்மேட்டருக்கு. காரணம் த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்.

சிம்பிள்டேட்ஃபார்மட் தனக்குள் ஒரு கேலண்டர் ஆப்ஜெக்ட்டை வைத்திருக்கிறது. கொடுத்த தேதியை முதலில் அதில் ஏற்றும், பிறகு நாள், மாதம், வருடம் என்று ஒவ்வொன்றாக எடுக்கும். ஸ்டாட்டிக்காக, அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவாக, ஒன்றை வைத்து எல்லா ரிக்வெஸ்ட்டும் பகிர்ந்தால், ஒரு த்ரெட் மார்ச் 5-இல் 05 என்ற நாளை எடுத்துவிட்டு மாதத்தை எடுப்பதற்குள் இன்னொன்று ஜூன் 12-ஐ ஏற்றிவிடும். பில்லில் 05-06-2024 என்று விழும். எக்ஸெப்ஷன் இல்லை, லாகிலும் தடயம் இல்லை. இன்றைய தேதி மட்டும் அச்சாகும்வரை எல்லா த்ரெட்டும் ஏற்றுவது ஒரே நாளைத்தான், கோளாறு பெரும்பாலும் வெளியே தெரியாது. அதே ஆப்ஜெக்ட்டை யாராவது டெலிவரி தேதிக்கும் எடுத்தாளும்போதுதான் கிளம்பும். டெஸ்ட்கள் ஒற்றை த்ரெட்டில் ஓடுவதால் அங்கே எல்லாம் பச்சை.

ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கலாம், த்ரெட்டுக்கு ஒன்றாக த்ரெட்லோக்கலில் வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையப் பூட்டும் போடலாம். அடுத்து அந்த நிரலைத் தொடுபவருக்கும் அது நினைவிருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். டேட்டைம்ஃபார்மேட்டர் உருவான பின் மாறவே மாறாது. ஸ்டாட்டிக் ஃபைனலாக ஒன்று வைத்தால் போதும். வேகம் எவ்வளவு கூடும் என்பது உங்கள் லோடைப் பொறுத்தது, அளந்து பாருங்கள்.

புதியது கொஞ்சம் கறார்ப் பேர்வழி. தேதி மட்டும் உள்ள லோக்கல்டேட்டிடம் மணி கேட்டால் உடனே எக்ஸெப்ஷன். காலத்தின் ஒரு கணத்தை மட்டும் குறிக்கும் இன்ஸ்டன்ட்டைக் கொடுத்தால் டைம்ஸோன் சொல்லாமல் வருடம்கூடத் தராது. அந்தக் கறார்தனம் நல்லதற்கே. ஆனால் இன்றைய தேதி தரும் லோக்கல்டேட்டின் நவ் மெத்தட் சர்வரின் ஸோனைத்தான் பார்க்கும். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடினால் இந்திய நேரம் காலை 5.30 வரை நேற்றைய தேதிதான் வரும். நவ்வுக்குள் ஏசியா/கொல்கத்தா ஸோனைக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 8.0-க்குக் கீழேயும் ஓட வேண்டிய ஆப் என்றால் புதிய ஜாவா வசதிகளைப் பழைய ஆண்ட்ராய்டிலும் ஓட வைக்கும் டீஷுகரிங்கை இயக்க வேண்டும். பழைய புராஜெக்ட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். ஸ்டாட்டிக்காக இருக்கும் சிம்பிள்டேட்ஃபார்மட்களை மட்டும் முதலில் தேடி எடுங்கள். மெத்தடுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிபவை காத்திருக்கலாம்.