கல்லடி இரத்ததான முகாம்: என் அனுபவம்

போன ஞாயிறு மட்டக்களப்பு கல்லடியில் சில இளைஞர்கள் நடத்திய இரத்ததான முகாமுக்குப் போனேன். பின்னால் மத அமைப்பு எதுவும் இல்லை, விளக்கேற்றல், பிரார்த்தனை, பொன்னாடை ஒன்றும் இல்லை, நேரே படிவம்தான். எடை 50 கிலோவுக்கு மேல் வேண்டும், கடைசியாகக் கொடுத்து 4 மாதம் ஆகியிருக்க வேண்டும், அப்புறம் விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில், பக்கத்து ஊரான காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் காக்கா என்போம். "தம்பி, கையப் பொத்திப் பொத்தி விடுங்க, கெதியா முடியும்" என்றார். எங்கள் இரண்டு பைகளும் அருகருகே நிறைந்துகொண்டிருந்தன, எது யாருடையது என்று லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், மனது நிறைந்துவிட்டது.

ஒரே குறை, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றது. நாற்காலி போட்டிருக்கலாம். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தாராளம். உதவ ஆசை இருந்தும் கையில் காசு இல்லாதவர்கள் அடுத்த முறை கட்டாயம் போங்கள், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு.