கச்சேரி அரங்கில் எங்கே உட்காருவது? வடசென்னையிலிருந்து போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து வருடக்கணக்கில் சபாக்களுக்குப் போய்வருகிறவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பாடுகிறவர் யார் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்த அரங்கம், எந்த வரிசை என்றும் பார்த்து டிக்கெட் எடுங்கள். அதே பாடகர், அதே பக்கவாத்தியம்தான். ஆனாலும் நடு வரிசைக்காரர் கேட்பது ஒரு கச்சேரி, பால்கனிக்கு அடியில் கடைசி வரிசையில் இருப்பவர் கேட்பது வேறு கச்சேரி.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது ராஜா அண்ணாமலை மன்றம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம் அது. டிசம்பர் பிற்பாதியில் இசை விழாவோடு, பண் என்ற பழந்தமிழ் ராகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடக்கும். தேவாரத்தைப் பண் முறையில் பாடிக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. மியூசிக் அகாடமி அரங்கத்துக்கு 1955-இல் நேரு அடிக்கல் நாட்டினார், திறந்தது 1962-இல். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஆயிரம் விளக்கு அல்லது டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். பெரம்பூர்க்காரர்களுக்கு ஜெமினி வழியாக மயிலாப்பூர் போகும் 29சி பஸ் இருக்கிறது. மேற்கத்திய இசை கேட்க ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்து சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கம். கடற்கரை–தாம்பரம் லோக்கலில் எழும்பூருக்கு அடுத்த நிலையம் சேத்துப்பட்டு.

இனி நாற்காலி. விலை கூடிய முதல் இரண்டு மூன்று வரிசை கேட்பதற்கு நல்ல இடம் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு ஓரத்திலும் உயரத்தில் தொங்குகின்றன. அவற்றின் ஒலி முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே போய்விடும். அங்கே காதில் விழுவது, கலைஞர்களுக்காக மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் முதுகுப் பக்க ஒலியும், மிருதங்கத்தின் நேரடி அடியும்தான். குரல் அமுங்கித் தாளவாத்தியம் ஓங்கிக் கேட்கும். மேடை விளிம்பில் முன்வரிசைக்கென்று சின்ன ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். உள்ளே நுழைந்ததும் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பால்கனிக்கு அடியில் இருக்கும் பின்வரிசைகளில் கோளாறு வேறு மாதிரி. கூரை தாழ்வாக இருப்பதால் அரங்கத்தின் மேல்பகுதியில் சுழலும் ஒலி அங்கே வந்து சேராது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) கேட்கும், ஆனால் குரலின் மினுக்கு போய்விடும். இதைச் சரிசெய்யத்தான் அடியிலேயே தனி ஸ்பீக்கர்கள் மாட்டுகிறார்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரை 90 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாமதப்படுத்தினால்தான் இரண்டு ஒலியும் ஒன்றாக வந்து சேரும். அந்தத் தாமதத்தை வைக்க மறந்துவிட்டால் மிருதங்கத்தின் ஒவ்வொரு 'தீம்'மும் இரட்டையாக விழும். அப்படிக் கேட்டால் தயங்காமல் இடம் மாறிவிடுங்கள். இரண்டரை மணி நேரம் அதைச் சகிக்க முடியாது.

நல்ல இடம் எது என்றால், தரைத்தளத்தின் நடுப்பகுதி, நடுவழியை ஒட்டிய நாற்காலி. மிக்ஸர் வைத்திருக்கும் மேசை அரங்கத்துக்குள்ளேயே இருந்தால் அதற்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருங்கள். சவுண்டு பார்க்கிறவர் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதையேதான் நீங்களும் கேட்பீர்கள். சில இடங்களில் மிக்ஸரை மேடை ஓரத்திலோ கண்ணாடி அறைக்குள்ளோ வைத்துவிடுகிறார்கள். அவர் ஹெட்போனில் கேட்கிறார், அரங்கம் வேறொன்றைக் கேட்கிறது. என் கணிப்பில், கச்சேரி கெடுவதற்கு மோசமான ஸ்பீக்கரைவிட இதுதான் அடிக்கடி காரணம். பரதநாட்டியம் என்றால் மட்டும் பால்கனியின் முதல் வரிசைக்குப் போங்கள். மேடை உயரத்தால் கீழே முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பாதம் தெரியாது. மேலிருந்து பார்த்தால் அடவு, அதாவது காலும் கையும் சேர்ந்த ஆட்ட அசைவு, முழுதாகத் தெரியும்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். மார்கழியில் இலவசமாக நடக்கும் மதியக் கச்சேரிகளில் அரங்கம் பாதிகூட நிரம்பாது. மெத்தை இல்லாத நாற்காலிகள் என்றால் எதிரொலி கூடிச் சாகித்தியச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது சட்டென்று முன்னால் நகர்ந்து ஆறாவது ஏழாவது வரிசைக்கு வந்துவிடுவது நல்லது. புது அரங்கில் கச்சேரிக்கு முன்பு மெதுவாக ஒரு கை தட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று அதிர்ந்து அடங்கினால் இரண்டு பக்கச் சுவரும் மொட்டையாக எதிரெதிரே நிற்கின்றன என்று பொருள். அங்கே சுவரோரம் உட்காரவே கூடாது.

ஏசியைப் பற்றி நிறையச் சொல்லலாம். டிசம்பர் ஈரக் காற்றிலிருந்து குளிரூட்டிய மேடைக்கு வந்த மிருதங்கத்தின் தோல் காய்ந்து இறுகும், சுருதி ஏறும். முதல் அரை மணி நேரத்தில் வித்வான் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை கல்லும் குச்சியும் எடுத்துத் தட்டுவது இதனால்தான். தொப்பி என்கிற இடந்தலையில் (மிருதங்கத்தின் இடப் பக்கம்) அப்பிய ரவைப் பசையும் காய்ந்து கனம் இழக்கும், தொப்பியின் 'தொம்' வெறும் தட்டலாகிவிடும். விரலில் தண்ணீர் தொட்டு ரவையைத் தடவுவதைக் கவனித்துப் பாருங்கள், அடுத்த ஆவர்த்தத்திலேயே (தாளச் சுற்றிலேயே) ஒலி உருண்டு வரும். புல்லாங்குழலுக்கு நேர்மாறு: காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), 10 டிகிரிக்கு 30 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஊத ஊத மூச்சின் சூட்டில் குழல் மேலே வரும். அதனால் முதல் வர்ணத்தை வைத்துக் குழல் கலைஞரை எடைபோட வேண்டாம். கேட்பவர்களுக்கு ஒரு சால்வை போதும், ஏசி வாய்க்கு நேர் கீழே உட்காராதீர்கள். குளிரைவிட அந்த 'ஊ' என்ற இரைச்சல் தம்புராவை விழுங்கிவிடுவதுதான் பெரிய இழப்பு.

வீணைக் கச்சேரிக்கு உட்காரும் இடம் இன்னும் முக்கியம். அந்தக் காலத்துப் பெரிய வீணைக் கலைஞர் வீணை தனம்மாளின் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த கச்சேரிகளில் மைக்கே கிடையாது. கேட்க வந்தவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய அரங்கில் வீணையின் மேல் பிக்கப் (அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) ஒட்டுகிறார்கள். நாதம் பின்வரிசை வரை எட்டுகிறது, ஆனால் மீட்டு ஓசை கூர்மையாகி, தந்தியை இழுத்து விடும்போது வரும் கடைசி இழை தேய்ந்துபோகிறது. முன்பகுதியில், பக்கவாட்டு ஸ்பீக்கருக்குத் தள்ளி உட்கார்ந்தால் அந்த இழை கொஞ்சம் கிடைக்கும். நாகஸ்வரத்துக்கு இதற்கு நேர் எதிர். திருவொற்றியூர்க் கோயில் புறப்பாட்டில் வெட்டவெளியில் கேட்டுப் பழகிய வாத்தியம் அது; மூடிய அரங்கில் தவிலோடு சேர்ந்தால் மைக் இல்லாமலே நிரம்பி வழியும். பின்பாதிக்குப் போய்விடுங்கள்.

சவுண்டு சரியில்லை என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்த வேண்டாம். பாட்டு முடிந்த இடைவெளியில் சபாத் தொண்டரிடமோ மிக்ஸர்க்காரரிடமோ குறிப்பாகச் சொல்லுங்கள். "சத்தத்தைக் குறைங்க" என்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடுவார். "தொப்பி ஓங்குது, சொல் புரியல சார்" என்றால் மிருதங்கத்தின் கீழ் ஸ்தாயியை மட்டும் இறக்குவார், பாட்டு தெளிந்துவிடும்.

கிளம்புகிற நேரம் நம் பகுதிக்காரர்களுக்குத் தனிக் கவலை. மாலைக் கச்சேரி ஒன்பதரை பத்துக்கு முடியும். மெட்ரோ முனையங்களிலிருந்து இரவு 11 வரை புறப்படுகிறது என்பதால் மங்களம் வரை இருந்துவிட்டே வீடு வந்து சேரலாம். முன்னால் போயே ஆக வேண்டுமென்றால் கதவோர நாற்காலியாக எடுத்து, தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்து பல்லவியைத் திரும்ப எடுத்து நிறைவு செய்த பிறகு, துக்கடா (கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகள்) தொடங்குமுன் எழுந்திருங்கள். தனி நடக்கும்போது எழுந்து போவது மிருதங்க, கட வித்வான்களுக்குச் செய்கிற அவமரியாதை. அவர்கள் அன்று மனோதர்மத்தை, அதாவது சொந்தக் கற்பனையை, தனியாகக் காட்டக் கிடைப்பது அந்தப் பதினைந்து இருபது நிமிடம்தான்.