ஒரே மார்லின், மூன்று தொழிற்சாலைகள்

மார்லின் லிவர் ரைஃபிளில் (விசைக்குக் கீழே இருக்கும் லிவரை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) பழையது வாங்கலாமா, புதியது வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தொழிற்சாலையில் செய்தது? மேலே பொறித்த பெயர் ஒன்று, உள்ளே இருப்பது மூன்று வேறு துப்பாக்கிகள்.

முதலில் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில் செய்தவை. குழலில் ரிசீவரை, அதாவது தோட்டா ஏற்றும் பொறி அடங்கிய இரும்புக் கூட்டை, ஒட்டி ‘ஜே.எம்.’ முத்திரை இருக்கும். எல்லாமே கையால் இழைத்த அற்புதம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் மரக்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் பெரும்பாலானவற்றில் எங்கும் தட்டாது.

ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனம் 2007 இறுதியில் மார்லினை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2011இல் நார்த் ஹேவன் ஆலை மூடப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்குப் போனது. இயந்திரங்கள் போயின, அவற்றோடு வாழ்ந்த ஆட்களில் பெரும்பாலோர் போகவில்லை. தேய்ந்துபோன இயந்திரம் எவ்வளவு விலகி வெட்டும், அதைச் சரிக்கட்ட எந்தப் பாகத்தில் எத்தனை தடவை அரம் போட வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, ஃபிட்டரின் கையில் இருக்கும். அந்தக் கை விட்டுப்போனது. ‘ஆர்.இ.பி.’ முத்திரையோடு வந்த ஆரம்பத் துப்பாக்கிகளில் முன்குறி (குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் துண்டு) ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது, லிவரின் விளிம்பு விரலை அறுத்தது, தோட்டா பாதியில் சிக்கியது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். பின்னாளில் நிலைமை தேறியது உண்மை. ஆனாலும் சாய்ந்த முன்குறியைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். அது பெட்டிக்குள் போனது என்றால், கடைசி மேசையில் ‘இது போகக்கூடாது’ என்று சொல்ல யாருமில்லை என்றுதான் அர்த்தம். என்னால் மன்னிக்க முடியாதது அதைத்தான்.

தர ஆய்வு அழகுக்கான சமாச்சாரம் இல்லை. 2014 ஏப்ரலில் இதே ரெமிங்டன், மாடல் 700 ரைஃபிள்களின் எக்ஸ்-மார்க் ப்ரோ விசையைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆலையில் அளவுக்கு மேல் போட்ட ஒட்டுப் பசையால், சில நிலைமைகளில் விசையை இழுக்காமலே துப்பாக்கி சுட்டுவிடக்கூடும் என்பதுதான் காரணம்.

மூன்றாவது, ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனம் செய்பவை. ரெமிங்டன் திவாலானபோது 2020இல் ரூகர் மார்லினைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கி, வட கரோலினாவின் மேயோடனில் புதிதாக ஆரம்பித்தது. ‘1895’ என்ற பெயர்கொண்ட மாடலின் முதல் துப்பாக்கி வெளிவர 2021 டிசம்பர் ஆனது. அவசரப்படாத அந்த ஒரு வருடம் எனக்குப் பிடித்திருக்கிறது. கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் வேலைதான், கைவேலை குறைவு. இருந்தும் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன, லிவர் தடையில்லாமல் ஓடுகிறது.

அதனால் இயந்திரம் வந்ததால் தரம் கெட்டது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தரத்தைக் கெடுப்பது செலவைக் குறைக்கும் முடிவு: வின்செஸ்டர் நிறுவனம் 1964இல் மாடல் 70 ரைஃபிளின் கட்டையில், பிடி வழுக்காமலிருக்க வெட்டிச் செதுக்கிய கட்டக்கோடுகளை விட்டு அச்சழுத்தத்துக்கு மாறியது செலவைக் குறைக்கத்தான்.

சுடுவதற்கு என்றால் ரூகர் மார்லினை எடுங்கள். வால்நட் கட்டையின் மீது மோகம் என்றால் ஜே.எம். தேடுங்கள். ஆர்.இ.பி. மலிவாகக் கிடைத்தால், தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பின்னாலிருந்து இரு குறிகளும் நேராக நிற்கின்றனவா பாருங்கள். பிறகு மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டு லிவரை மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை இயக்குங்கள். எங்காவது சிக்கினால் வாங்காதீர்கள்.