தெருமுனைக் கையேந்தி பவன்: இட்லிக்கு ஐந்து நட்சத்திரம், டிரம் தண்ணீருக்குப் பூஜ்யம்

வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் தள்ளுவண்டிக் கடை இது. பெயர்ப்பலகை கிடையாது, இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். மூன்று வருடமாக வாரத்தில் நான்கு ராத்திரி எனக்கு அங்கேதான் சாப்பாடு. நடுவில் டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்தேன், எழுந்ததும் திரும்ப அங்கேயே போனேன் என்றால் இட்லி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு இந்தக் கடைதான் காரணமா என்றால், தெரியாது. நேற்று ராத்திரி சாப்பிட்ட இடத்தைத் திட்டுவதுதான் நம் வழக்கம், ஆனால் டைபாய்டு கிருமி வயிற்றுக்குள் போய்க் காய்ச்சலாகத் தெரிய பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும், அதற்குள் நான் எத்தனை கடையில் கை நனைத்தேனோ!

சரி, சாப்பாடு. துணி போட்ட தட்டில் வேகும் இட்லி, ஆவியோடு தட்டில் விழுகிறது, அந்தச் சூட்டில் எந்த டைபாய்டு கிருமியும் தாங்காது. சாம்பார் அடுப்பிலேயே தளதளவென்று கொதிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். தேங்காய்ச் சட்னிதான் சங்கடம். அரைத்ததில் பச்சைத்தண்ணீர் கலந்து சாயங்காலத்திலிருந்து திறந்தபடி இருக்கிறது. "ஏன்பா, சட்னிக்கு என்ன குறைச்சல்?" என்று கடைக்கார அக்கா கோபித்துக்கொள்வார். அவர் கை சுத்தம்தான், ஆனால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமா இது? நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்மணி நன்றாக நடமாடிக்கொண்டே வேலைக்குப் போன பல வீடுகளில் டைபாய்டைக் கொடுத்தார், 1915இல் இரண்டாம் முறை பிடித்துத் தனிமையில் வைத்தவர்கள் 1938இல் அவர் சாகும்வரை வெளியே விடவில்லை. அவர் செய்ததில் சந்தேகம் விழுந்தது வெந்த பண்டத்தின் மேல் இல்லை, வேகவைக்காத பழம் போட்ட ஐஸ்கிரீமின் மேல். எனக்குச் சட்னியைப் பார்த்தால் அந்த ஞாபகம்தான்.

டம்ளரை எல்லோரும் ஒரே டிரம்முக்குள் முக்கித்தான் எடுக்கிறார்கள், விரல் நான்கும் தண்ணீருக்குள். இதை எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை. குழாய் வைத்த கேன் ஒன்று போதும், டிரம்முக்குள் யாரும் கை விட வேண்டியிருக்காது.

பிரைடு ரைஸ் வாங்காதீர்கள். மத்தியானம் வடித்த சோறு ராத்திரிவரை அப்படியே வெளியே கிடக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்து சோறு வேகும்போது சாகாது, ஆறினபின் முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அப்புறம் வாணலியில் போட்டு எவ்வளவு புரட்டினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இதன் மேல் சந்தேகப்படலாம். புளியோதரை அவ்வளவு மோசமில்லை, புளிப்பு இதை எளிதில் வளர விடாது.

நான்கு இட்லி நாற்பது ரூபாய். ஏழரைக்குள் போனால் முதல் ஈடு கிடைக்கும். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து.