பீட்டா கரோட்டின்: காய்கறியா, மாத்திரையா?

நுரையீரல் நலனுக்காக, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமிச் சத்தான பீட்டா கரோட்டினை உணவிலிருந்து பெறுவதா, மாத்திரையாக விழுங்குவதா என்று தயங்குபவர்கள், குறிப்பாகப் புகைபிடிப்பவர்கள், முதலில் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு
காய்கறி: கேரட், பூசணி, கீரை ஆகியவற்றை மிகுதியாக உண்டால் தோல் சற்று மஞ்சளாகலாம், அது தீங்கற்றது.
மாத்திரை: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய், குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக, மற்றவர்களைவிட 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. இதை அறியாமல் மாத்திரை வாங்குவோரை எண்ணிக் கவலைப்படுகிறேன்.

எளிமை
மாத்திரை: விழுங்கினால் போதும்.
காய்கறி: சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் சத்து உடலில் நன்கு சேரும், நார்ச்சத்தும் உடன் கிடைக்கும்.

புகைபிடிப்பவர்களுக்கும் அண்மையில் அதை விட்டவர்களுக்கும் காய்கறியே ஏற்றது. மருத்துவர் குறைபாட்டை உறுதிசெய்து அளவு குறித்துக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே மாத்திரை பொருந்தும்.