பூவெட், ஹேர்ட், டிசெப்ஷன்: ஆளில்லாத் தீவுகளில் எதற்குப் போகலாம்?

துருவப் பக்கம் மனிதர் குடியில்லாத தீவு ஒன்றில் கால் வைக்க ஆசைப்படுகிறவர்கள், வரைபடத்தில் முதலில் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். எது ரொம்பத் தள்ளி இருக்கிறதோ அதுவே சிறந்தது என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். தூரம் பெரிய தடை இல்லை. காசும் நாளும் இருந்தால் கப்பல் போய்ச் சேர்ந்துவிடும். கப்பல் நின்ற இடத்திலிருந்து கரை வரை உள்ள சில நூறு மீட்டர்தான் ஆளைத் திருப்பி அனுப்புகிறது. தெற்குக் கடலின் மூன்று தீவுகளை அந்தக் கணக்கிலேயே பார்ப்போம்.

பெயர் பெற்றது பூவெட். உலகிலேயே தனித்த தீவு எது என்றால் எல்லாரும் இதைத்தான் காட்டுவார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து சுமார் 2,500 கி.மீ., அண்டார்டிகாக் கரையிலிருந்து சுமார் 1,700 கி.மீ. நார்வேக்குச் சொந்தமான 49 சதுர கி.மீ. நிலம், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பனியாறு. 1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சு மாலுமி பூவெ டி லோசியே இதைக் கண்டார். இறங்க முடியவில்லை, இருக்குமிடத்தையும் தப்பாகக் குறித்துவிட்டார். பின்னால் தேடி வந்த ஜேம்ஸ் குக்கின் கண்ணில் தீவு படவே இல்லை.

சுற்றிலும் பனியும் பாறையுமான செங்குத்துச் சுவர். ஓரளவு இறங்கத் தோதான இடம் மேற்குக் கரையில் உள்ள நியூரோய்சா என்ற மேடை. அதுவும் 1950களில் பாறை சரிந்து உண்டானது, இப்போது அங்கே சீல்களும் பென்குயின்களும் கூட்டம். இந்தத் தீவை விடாமல் துரத்துகிறவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவி வைத்து உலகெங்கும் தொடர்புகொள்கிறவர்கள். அவர்கள் கணக்கில் பூவெட் ஒரு தனி நாடு மாதிரி. அங்கிருந்து சமிக்ஞை வருவதே அபூர்வம். 2018இல் ஒரு குழு தீவுக்குப் பக்கத்தில் வரை போய், வானிலை மோசமாகி, கப்பல் இயந்திரமும் கோளாறாகி, இறங்காமலே திரும்பியது. 2023இல் இன்னொரு குழு இறங்கிவிட்டது. ஆனால் அலைக்கு நடுவே சாமான்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்க வேண்டியிருந்ததால், திட்டமிட்ட முகாமை வெகுவாகச் சுருக்கிக்கொண்டார்கள். பல ஆண்டு ஏற்பாடு செய்து போனவர்களுக்கே இந்தக் கதி. சுற்றுலாவாகப் போகிறவர் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவே மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும், மேகம் விலகினால்.

ஹேர்ட் தீவு இதைவிடப் பெரிது, என் கண்ணுக்கு இதைவிட அழகும்கூட. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம், பெர்த்திலிருந்து தென்மேற்கே சுமார் 4,000 கி.மீ. நடுவில் பிக் பென் என்ற உயிருள்ள எரிமலை. அதன் உச்சியான மாசன் சிகரம் 2,745 மீட்டர். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த மலையான கோசியஸ்கோவே 2,228 மீட்டர்தான்! 1947 முதல் 1955 வரை அட்லஸ் கோவ் என்ற சிறு விரிகுடாவின் கரையில் ஆய்வு நிலையம் இருந்தது, அப்புறம் மூடிவிட்டார்கள். பில் டில்மன் ஓட்டிய பதானேலா என்ற பாய்மரக் கப்பலில் போன குழு, 1965இல்தான் முதன்முதலாக உச்சியை எட்டியது. 2025இல் அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரிப் பட்டியலில், ஏற்றுமதி செய்ய ஆளே இல்லாத இந்தத் தீவும் இடம்பெற்றுச் சிரிப்பை மூட்டியது.

அட்லஸ் கோவ் விரிகுடாவில் காற்று அடங்கிய நாளில் ரப்பர் படகு கரை தொடலாம். அதாவது பூவெட்டைவிட இறங்க வழி உண்டு. ஆனால் துறைமுகம் இல்லை, 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், இறங்க ஆஸ்திரேலிய அண்டார்டிக் பிரிவின் அனுமதி வேண்டும். வெளியிலிருந்து வந்த எலியோ பூனையோ இல்லாத தீவு என்பதால் காலணி, பை எல்லாவற்றையும் விதை ஒட்டாமல் சுத்தம் செய்ய வேண்டும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நேரமும் பணமும் நிறைய உள்ளவருக்கு என் தேர்வு பூவெட் இல்லை, ஹேர்ட்தான்.

இரண்டுமே துருவ வட்டத்துக்குள் இல்லை. பூவெட் இருப்பது தெற்கே 54 டிகிரியில். வடக்கே அதே 54இல் இங்கிலாந்தின் யார்க் நகரம் இருக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் குளிர்நீர் இந்தத் தீவுகளையும் வளைத்துக்கொள்வதால்தான் இத்தனை பனி.

இனி டிசெப்ஷன். அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்று. அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்கச் சுமார் இரண்டு நாள். கோடையில் அர்ஜென்டின, ஸ்பானிய ஆய்வாளர்கள் தங்குவார்கள், நிரந்தரக் குடி கிடையாது. கப்பல்கள் நிறைய வருவதால் கெட்டிக்காரப் பயணிகள் இதை மட்டமாகப் பேசுவதுண்டு. அது சரியில்லை. எரிமலை வாய் இடிந்து கடல் உள்ளே புகுந்த இடம் இது. நெப்டியூன்ஸ் பெல்லோஸ் என்ற இடுக்கு வழியாகக் கப்பலே எரிமலைக்குள் நுழைகிறது. வழியின் நடுவில் நீருக்கடியில் ஒரு பாறை ஒளிந்திருப்பதால் மாலுமிகள் ஓரமாகவே ஒட்டிப் போவார்கள். உள்ளே போனால் அலை அடங்கிவிடும், அதுதான் விஷயம். வேலர்ஸ் பே கரையில் 1912 முதல் 1931 வரை நார்வேக்காரர்கள் நடத்திய திமிங்கில எண்ணெய்த் தொழிற்சாலையின் துருப்பிடித்த கொதிகலன்கள் நிற்கின்றன. 1967, 1969, 1970 ஆண்டுகளில் எரிமலை வெடித்தது. 1969இன் சேற்றுப் பெருக்கு அங்கிருந்த இடுகாட்டையே மூடிவிட்டது. கறுப்பு மணலில் இன்றும் ஆவி எழும்.

அண்டார்டிகாப் பக்கம் உள்ள முதலாம் பீட்டர் தீவு பற்றியும் கேட்பார்கள். 1821இல் கண்டுபிடிக்கப்பட்டும் முதல் ஆள் கரையேறியது 1929இல்தான், சுற்றிலும் பனிக்கடல். மேலே சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே போகிறவர் கனடாவின் பீச்சி தீவைப் பார்க்கலாம்: சரளைக் கரை, எளிதில் இறங்கலாம், வட துருவப் பக்கம் கடல்வழி தேடிப் போய் 1845–46 குளிர்காலத்தை அங்கே கழித்த ஃபிராங்க்ளின் குழுவினர் மூவரின் கல்லறைகள் இருக்கின்றன. துருவக்கரடி வரும் என்பதால் துப்பாக்கியோடு வழிகாட்டி முன்னே நடப்பார்.

டிசெப்ஷனுக்குப் பதிவு செய்யும் முன் கப்பலில் எத்தனை பயணிகள் என்று கேளுங்கள். அண்டார்டிகாவில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் ஆளையே இறக்காது. 200 பேர் கப்பலில் போனால் பாதி நேரம் உங்கள் முறைக்குக் காத்திருப்பீர்கள். நூறு பேருக்குள் உள்ள கப்பலுக்குக் கட்டணம் கூடுதல், ஆனால் கொடுக்கலாம்.