கார்பெட் ஒட்டிய படகுத் தரைக்குப் பித்தளையா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா (எஸ்எஸ்), ரிவெட்டா?

படகுத் தரைப் பலகையை எதைப் போட்டு இறுக்குவது என்று காரைக்குடியில் ஆசாரி யாரைக் கேட்டாலும் முதலில் பித்தளைத் திருகைத்தான் சொல்வார். பர்மா தேக்குக் கதவில் தாத்தா காலத்துப் பித்தளை இன்னும் அசையாமல் இருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர், வேறு என்ன சொல்வார்! ஆனால் அது காய்ந்த வீட்டுக்குள் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் மெல்ல அரித்துப் போய், மிச்சம் செம்பு நிறத்தில் பொறபொறவென்று ஆகிவிடும், கழற்றப் போனால் தலை மட்டும் கையோடு வரும்.

தொண்டியில் நிற்கும் எங்கள் ஃபைபர் படகுக்கு நான் முதலில் போட்டது செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, தானே துளை போட்டு இறங்கும் வகை. "எஸ்எஸ்தான் அண்ணே" என்று கொடுத்தார்கள், நானும் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை. அந்த வகை பெரும்பாலும் 410 என்ற எஸ்எஸ் ரகம், காந்தம் நன்றாக ஒட்டும், கடலுக்கு ஆகாது. ஒரே மழைக்காலத்தில் சாம்பல் நிறக் கார்பெட் முழுக்கத் துருப்பொட்டு.

சரி, எஸ்எஸ்ஸிலேயே 304 ரகம் போதுமா, 316 ரகம் வேண்டுமா? மேலே கைப்பிடிக்கு என்றால் 304-க்குத் தலையாட்டியிருப்பேன். தரைக்குக் கூடாது. எஸ்எஸ்ஸைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம், அது சிதைந்தால் மறுபடி படியக் காற்று வேண்டும். கார்பெட்டோ உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காற்றையும் அடைத்துவிடுகிறது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் குழி விழுவது குறையும், அறவே நிற்காது. இந்த இரண்டையும் காந்தம் பிரித்துக் காட்டாது. போல்ட் என்றால் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், ஏ2 என்றால் 304 ரகம்.

அலுமினியப் படகுக்காரர்களுக்குக் கணக்கே வேறு. எஸ்எஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியச் சட்டம்தான், அதனால் அங்கே அகலத் தலை அலுமினிய ரிவெட் (துளையில் விட்டு நிரந்தரமாக இறுக்கும் ஆணி). ஒரு தொல்லை, அதைக் கழற்ற டிரில் போட்டுத்தான் எடுக்கணும். அடியில் தண்ணீர் இறைக்கத் திறக்கிற பலகைக்கு ரிவெட் அடித்தால் ஒவ்வொரு தடவையும் உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள்.

நான் கடைசியில் போட்டது 316 ஸ்க்ரூ, தலைக்குக் கீழே கப் வாஷர் (கிண்ண வடிவ வளையம்), அது கார்பெட்டைக் கிழிக்காமல் அமுக்கிப் பிடிக்கும். அப்புறம் ஒன்று, கார்பெட்டோடு சேர்த்து டிரில் போடாதீர்கள், நூல் பிட்டில் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையையே உருவிவிடும். பழைய சால்டரிங் அயர்னால் துளையிடும் இடத்தைச் சுட்டுவிட்டு அப்புறம் டிரில்லை வையுங்கள், ஓரம் உருகி நூல் பிரியாமல் நிற்கும். கருகல் நாற்றம் வரும், படகை வெளியே இழுத்துப் போட்டு, காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள்.